கரும்புக்குள் ஒரு சிவப்பு

இந்த முறை கொஞ்சம் வயல் பக்கம் போவோம். காமர்ஸ் படிக்கிறவனுக்கு, அதுவும் வயலே இல்லாத திருவொற்றியூர்க்காரனுக்கு, பயிர் நோயில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். படித்துப் பாருங்கள், இதுவும் ஒரு முதலீட்டுக் கதைதான்.

ஆந்த்ரக்னோஸ் என்பது பல பயிர்களைப் பிடிக்கும் ஒரு நோய்க் கூட்டம். கிரேக்க மொழியில் 'ஆந்த்ராக்ஸ்' என்றால் கரி, 'நோசோஸ்' என்றால் நோய். கரி பட்டது போல புள்ளி விழுவதால் அந்தப் பெயர். (கரியைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011இல் கோர்ட் உத்தரவுப்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று எண்ணூருக்குப் போனது. அதுவரை ராயபுரத்து மொட்டைமாடிகளில் எல்லாம் ஆந்த்ரக்னோஸ்தான்! :-)) மாம்பழத்தில் வரும் கரும்புள்ளிக்கும், மிளகாய்ப் பழம் அழுகுவதற்கும் பெரும்பாலும் காரணம் கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சைப் பேரினம். மிளகாயைத் தாக்கும் பூஞ்சையை 1913இல் சைடோ என்ற ஜெர்மானியர் பெயரிட்டு விவரித்தார். அது கோயம்புத்தூர் மிளகாயில் கிடைத்தது.

அதே பேரினத்தின் இன்னொரு உருப்படிதான் கரும்பைக் கெடுக்கும் கொலெட்டோட்ரைக்கம் பால்கேட்டம். 1893இல் ஜாவாவில் வென்ட் என்ற டச்சு விஞ்ஞானி இதை விவரித்தார். நம் விவசாயிகள் சொல்வது செவ்வழுகல் நோய். மேலிருந்து மூன்றாவது, நான்காவது சோகை மஞ்சளாகும். கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுநடுவே குறுக்காக வெள்ளைத் திட்டு. சாராய வாடை வேறு அடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பல நாள் ஒன்றுமே தெரியாது. சர்க்கரை மட்டும் உள்ளுக்குள் காலியாகிக்கொண்டே இருக்கும்.

அன்றைய மதராஸ் மாகாணத்தில் இருந்த கோதாவரி டெல்டாவில் கரும்பு இப்படித்தான் அடிபட்டது. மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர் 1901இல் அந்த நோயைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே சாமல்கோட்டாவில் அரசுக் கரும்புப் பண்ணை வந்தது. மொரீஷியஸ் கரும்பு ரகங்களை அங்கே வைத்துப் பார்த்தார்கள். 1906இல் பட்லர் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார்.

1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது அதை நடத்த வந்தவர் அதே பார்பர். அப்போது ஜாவா சர்க்கரை கப்பல் கப்பலாக இந்தியத் துறைமுகங்களில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் போட்டியாக நம் மண்ணுக்கேற்ற கரும்பு வேண்டும். பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் வெளிவந்தது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். பஞ்சாப்பில் விளையும் கரும்புக்கு நம் ஊர்ப் பெயர்!

சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கேதான். கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை நட்டு வளர்க்கிறோம். ஒரு ரகத்தின் ஒவ்வொரு கரும்பும் மற்றதன் நகல். ஒன்றைத் தாக்கத் தெரிந்த பூஞ்சைக்கு மாவட்டத்தையே தாக்கத் தெரியும். நோயுள்ள கரணை போகும் ஊரெல்லாம் பூஞ்சையும் கூடவே போகும். ஒரே கம்பெனி ஷேரில் மொத்தப் பணத்தையும் போட்டவன் நிலைமைதான்.

கோ 213 வட இந்தியாவில் கொடிகட்டிப் பறந்த ரகம். 1930களின் கடைசியில் ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் செவ்வழுகல் அதை வாரிக்கொண்டு போனது. 1975இல் கடலூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கோ.க. 671 வந்தது. சர்க்கரைச் சத்து அபாரம், அதிசயக் கரும்பு என்றார்கள். பாரிமுனைக்குப் பெயர் கொடுத்த பாரி கம்பெனியின் நெல்லிக்குப்பம் ஆலையும் அந்தக் கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் 1990களில் தமிழகக் கடலோரப் பகுதிகளில் அந்த ரகமும் செவ்வழுகலுக்கு விழுந்தது. 2009இல் வந்த கோ 0238 உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் முக்கால்வாசிக்கு மேல் பிடித்தது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்கும் அதே கதி.

இதில் யாரைக் குறை சொல்வது? ஆலைக்கு டன்னுக்கு எத்தனை கிலோ சர்க்கரை என்பதுதான் கணக்கு. விவசாயிக்கு ஏக்கருக்கு எத்தனை டன் என்பது கணக்கு. இரண்டும் ஒரு ரகத்தில் கிடைத்தால் வேறு ரகத்தை ஏன் நடப்பார்கள்? என் பார்வையில் விவசாயியைக் குறை சொல்வது நியாயமில்லை. பயிர்க்கடன் வாங்கி ஒரு வருடம் காத்திருப்பவர் அவர். எந்த ரகம் எவ்வளவு பரப்பில் இருக்கலாம் என்று பார்க்கவேண்டியது ஆலைகளும் அரசும்தான்.

நோய் வந்துவிட்டால் நிற்கிற பயிருக்கு மருந்து கிடையாது. பாதித்த தூரை வேரோடு பிடுங்கி எரிக்கவேண்டும். அந்த வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகக்கூடாது, ஏனென்றால் பூஞ்சை வித்துகள் தண்ணீரில் நகரும். மறுதாம்பு விடக்கூடாது. அடுத்த போகம் நெல் போன்ற வேறு பயிர். எல்லாவற்றுக்கும் முன்னால் கரணை சுத்தமாக இருக்கவேண்டும். வெட்டிய முனையில் சிவப்புத் தெரிந்தால் தூக்கி எறியவேண்டும். ஈர வெப்பக் காற்றிலோ பூஞ்சைக்கொல்லிக் கரைசலிலோ நேர்த்தி செய்து நடுவதும் உண்டு.

தமிழ்நாட்டில் 2000இல் வந்த கோ 86032தான் இப்போது பெரும்பாலான கரும்பு வயல்களில் நிற்கிறது. செவ்வழுகலை ஓரளவு தாங்கும் ரகம், இதுவரை பெரிதாக ஏமாற்றவில்லை. கோ 11015 போன்ற புதிய ரகங்களையும் கோயம்புத்தூர் நிலையம் கொடுத்திருக்கிறது. அவை எத்தனை ஏக்கரில் இடம் பிடிக்கின்றன என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.