சேராத வைஃபை, சேர்ந்தும் ஓடாத வைஃபை

“லேப்டாப்பில் நெட் வரவில்லை” என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது இரண்டு கோளாறுகளில் ஒன்றாக இருக்கும். ஒன்று, லேப்டாப் வைஃபையில் சேரவே மறுப்பது. மற்றது, சேர்ந்துவிட்டு, கோடுகளை முழுசாகக் காட்டிக்கொண்டே ஒரு பக்கத்தையும் திறக்காமல் கிடப்பது. இரண்டுக்கும் நம் வீடுகளில் ஒரே வைத்தியம்தான்: ரவுட்டரை அணைத்துப் போடு, லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணு. அவ்வப்போது அது பலித்துவிடுவதால் இரண்டும் ஒரே நோய் என்ற நினைப்பு நிலைத்துவிட்டது.

சேராத வைஃபை பார்ப்பதற்குத்தான் பெரிய கோளாறு. தேட வேண்டிய இடம் சின்னது. இந்தப் பக்கம் லேப்டாப், அந்தப் பக்கம் ரவுட்டர், நடுவில் இரண்டு சுவர். இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு இதில் வேலையே இல்லை. வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பக்கத்து வீட்டுப் பெயர்கூட வரவில்லையா? ஏர்பிளேன் மோட் போட்டிருக்கும், அல்லது கீபோர்டின் மேல்வரிசையில் வைஃபையை அணைக்கும் பொத்தானில் கை பட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் கோளாறு இருக்கலாம்.

ஊரார் பெயரெல்லாம் வருகிறது, நம் வீட்டுப் பெயர் மட்டும் வரவில்லை என்பதுதான் சுவாரசியமான நிலை. இப்போதைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. பழைய, விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் 2.4-ஐ மட்டும் எடுக்கும் கார்டுதான் இருக்கும். ரவுட்டரில் 2.4 அணைந்திருந்தால் அவற்றின் கண்ணுக்கு அந்த ரவுட்டர் இல்லவே இல்லை. 2.4-க்குள்ளேயும் ஒரு சங்கடம் உண்டு. இந்தியாவில் 13 சேனல்கள் புழக்கத்தில் இருக்கின்றன, அமெரிக்காவில் வழக்கமாக 11 தான். அங்கே இருக்கும் மகன் வாங்கி வந்து கொடுத்த லேப்டாப்பில் நேற்று வரை வந்த வைஃபை இன்று காணாமல் போனால், ரவுட்டர் தானாக 12-க்கோ 13-க்கோ தாவியிருக்கலாம். சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் நிறுத்திவிட்டால் தீர்ந்தது.

பெயர் தெரிந்தும் சேரவில்லை என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்ட் தகராறு. ரவுட்டரில் மாற்றியிருப்பார்கள், லேப்டாப் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். புது ரவுட்டர் வந்த அன்று பழைய லேப்டாப் மட்டும் முரண்டு பிடித்தால் டபிள்யூபிஏ3-ஐச் சந்தேகிக்கலாம். 2018-ல் வந்த பாதுகாப்பு முறை அது. அதை மட்டுமே ஏற்கும்படி ரவுட்டர் இருந்தால், அதற்கு முந்தைய லேப்டாப்கள் பல வெளியேதான் நிற்கும். டபிள்யூபிஏ2-வும் கலந்த முறைக்கு ரவுட்டரை மாற்றினால் போதும்.

சேர்ந்தும் ஓடாத வைஃபை அப்படிச் சுலபமாகப் பிடிபடாது. அதன் முதல் பொய் அந்தக் கோடுகள். ரவுட்டர் மாடித் தொட்டி, லேப்டாப் குழாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் நடுவே அடைப்பு இல்லை என்பதை மட்டும்தான் அவை சொல்லும். தொட்டிக்குத் தண்ணீர் ஏறியதா என்று அவற்றுக்குத் தெரியாது. இரண்டாவது பொய்யைச் சொல்வது போன். “போனில் நெட் நன்றாக வருகிறதே, லேப்டாப்பில்தான் கோளாறு” என்பார்கள். வைஃபையில் நெட் இல்லையென்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்காதவரை போனின் சாட்சி செல்லாது.

போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப்பை விட்டுவிடலாம். ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். நிறுவனத்தைக் கூப்பிடுவதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை. விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் ஓடவில்லை என்றால், மாதக் கட்டணம் முடிந்ததா என்று பார்ப்பது மரியாதைக் குறைவல்ல.

போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் செட்டிங்ஸில் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரவுட்டர் கொடுத்ததுதான். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் லேப்டாப் தானே சூட்டிக்கொண்டது. வைஃபையைத் துண்டித்து மறுபடி சேர்த்தால் பல நேரம் சரியாகிவிடும். முகவரி சரியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் 8.8.8.8 என்ற இணைய முகவரிக்கு ஒரு பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை, போடலாம். பதில் வந்தால் பாதை சரி, பெரும்பாலும் இணையப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது. அலுவலகத்து விபிஎன், எப்போதோ போட்டு மறந்த ப்ராக்ஸி ஆகியவற்றையும் அணைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய லேப்டாப்பில் ஒன்றை யாரும் சந்தேகிப்பதில்லை. கடிகாரம்! உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று பிரவுசர் முடிவுகட்டி, தளத்துக்குத் தளம் எச்சரிக்கை காட்டும். வைஃபை, ரவுட்டர், டிஎன்எஸ் எல்லாம் ஒழுங்காக இருந்தும் நெட் இல்லாததுபோலவே தோன்றும். இதையும் வைஃபை கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

என் கணிப்பில் சேராத வைஃபையே நல்ல வகை. அது இருக்கும் இடத்தை அதுவே காட்டிக் கொடுத்துவிடுகிறது. மற்றதில்தான் மனிதர்கள் பொறுமை இழந்து ரவுட்டரின் பின்புறத் துளையில் குண்டூசியைக் குத்துகிறார்கள். குத்தும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ரீசெட், ரவுட்டரில் பதிந்திருக்கும் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். அவற்றை எங்காவது எழுதி வைக்கவில்லை என்றால், லேப்டாப்பில் மட்டும் வராத நெட் அன்று மாலை வீட்டில் யாருக்குமே வராது.