எவரெஸ்ட் அடிவார முகாம் நடைப்பயணம்

நேபாளத்தின் சொலுகும்பு மாவட்டத்தில், லுக்லாவிலிருந்து (2,860 மீ.) எவரெஸ்ட் தெற்கு அடிவார முகாம் (5,364 மீ.) வரை வழிகாட்டியுடன் மேற்கொள்ளப்படும் பலநாள் மலை நடைப்பயணம். சென்று திரும்ப ஏறத்தாழ 12 நாள்கள் ஆகும். கயிறோ பனிக்கோடரியோ தேவையில்லை. ஆயினும் பயண நிறுவனங்கள் பலவும் இதைக் கடினப் பிரிவிலேயே வைக்கின்றன. காரணம் பாதையன்று, உயரம். முகாமில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி. எனவே 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவர், நாம்சே பசாரில் (3,440 மீ.) ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடலைப் பழக்குவர். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் தோன்றினால் மேலே செல்வது உயிருக்கே ஆபத்து. கீழிறங்குவதே முதன்மைச் சிகிச்சை. நேபாளத்தில் வணிக நடைப்பயணங்களை 1960களில் தொடங்கியவர் பிரித்தானியப் படை அதிகாரி ஜிம்மி ராபர்ட்ஸ். பாதையின் பெரும்பகுதி, 1976இல் நிறுவப்பட்ட சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் அமைந்துள்ளது.