பாரன் தீவின் நடுவே கடல் இருந்ததா?

சார்லஸ் லயலின் ‘நிலவியல் கோட்பாடுகள்’ 1830 முதல் ஐரோப்பியப் புவியியலாளர்களின் அடிப்படை நூலாக விளங்கியது. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவைப் பற்றி அது தரும் சித்திரம் கவர்ச்சியானது: வட்டமான பாறைச் சுவர், ஒரு பக்கம் குறுகிய பிளவு, உள்ளே கடல்நீர் நிறைந்த படுகை, அதன் நடுவே எரிமலைக் கூம்பு.

கூம்பும் சுவரும் பிளவும் உண்மை. கடல்நீர் மட்டும் உண்மையன்று.

போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கி.மீ. தொலைவில் உள்ள இத்தீவின் வெடிப்பு முதன்முதலாகப் பதிவானது 1787-இல். 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் கூம்பின் சரிவை 32 பாகைக்குச் சற்று மேல் என்று குறித்தார். தளர்ந்த சாம்பலும் கசடும் சரியாமல் நிற்கக்கூடிய கோணம் ஏறக்குறைய அதுவே. ஆனால் உயரத்தை ஏறத்தாழ 1,800 அடி என்று எழுதினார். தொலைவிலிருந்தும் கோணத்தைக் கணிக்கலாம். உயரத்தைக் கணிக்கத் தொலைவும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பால் 1873-இலும், மாலட் 1884-இலும் தீவில் இறங்கினர். மாலட்டுடன் வந்த நில அளவைத் துறையின் கேப்டன் ஹாப்டே நிலப்படம் வரைந்தார். பிளவின் வழியே நடந்தவர்கள் கண்டது நீரையன்று. கடலை நோக்கி ஓடி உறைந்த கரிய லாவாவையும், கூம்பைச் சூழ்ந்த சாம்பல் தரையையும்தான். கூம்பின் உயரமும் 1,000 அடியை ஒட்டியே இருந்தது.

இதனால் லயலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அவர் தீவைக் கண்டவரல்லர். பிறர் எழுதியதை நம்பியவர். ஒரு சான்றைப் படிக்கும்போது, எழுதியவர் எங்கே நின்று பார்த்தார் என்று கேட்பது நம் முதற்கடமை. கப்பல் தளமா, கரையா, கூம்பின் சரிவா, நூலகமா?

ஆனால் நேரில் அளந்தவரின் படமும் நிலையானதன்று. நீண்ட அமைதிக்குப் பின் 1991-இல் எரிமலை மீண்டும் வெடித்தது. புதிய லாவா பழைய தரையை மூடியபடி கடலைச் சென்றடைந்தது. பின்வந்த வெடிப்புகள் கூம்பின் வடிவையும் மாற்றின. 1884-இன் நிலப்படம் இன்று வழிகாட்டியன்று. மறைந்துபோன ஒரு நிலத்தின் ஆவணம். அதைப் ‘பிழை’ என்று சொல்பவர், லயலின் பிழைக்கும் காலம் செய்த மாற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர்.

கடலடியிலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல் எழும் மலையின் நுனி மட்டுமே இத்தீவு. ஆண்டிஸ் எரிமலைகளைப் போலவே, ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழ்வதால் பிறந்தது. பயணிகள் இன்று பெரும்பாலும் படகிலிருந்தே இதைப் பார்த்துத் திரும்புகிறார்கள். பார்த்ததை எழுதும்போது, எங்கிருந்து பார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதுவோம்.