ரேவாரி எஞ்சின் கொட்டகை

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய நாவல் ஒன்றில், கதாநாயகன் நள்ளிரவில் ஷெட்டில் நிற்கும் ரயில் எஞ்சினில் தாவி ஏறுவான், அடுப்பைப் பற்றவைப்பான், அடுத்த பத்தியில் ஊரை விட்டே போய்விடுவான். விழுப்புரம் ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா அதைப் படித்துவிட்டு, "ஏண்டா, அது என்ன, குளிக்கிற வெந்நீர் பாய்லரா?" என்று கேட்டார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த வெட்கந்தான் என்னை ஹரியானாவிலுள்ள ரேவாரிக்கு இழுத்துச் சென்றது. இந்தியாவின் முதல் மீட்டர் கேஜ் பாதை, 1873-ல், டில்லியிலிருந்து இந்த ஊர்ப் பக்கந்தான் வந்தது. 1893-ல் எஞ்சின்களுக்குக் கொட்டகை கட்டினார்கள். நூறு வருஷம் ஓடிற்று. டீசல் வந்தது, தண்டவாளம் அகலமாயிற்று, கொட்டகை பாழடைந்தது. 2002-ல் ரயில்வேக்காரர்களே அதை மீண்டும் திறந்தார்கள்.

பெயர் காட்சிசாலை, உள்ளே போனால் பட்டறை. அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி 1947-ல் செய்தனுப்பிய 'ஆஸாத்', சித்தரஞ்சனில் 1965-ல் பிறந்த 'அக்பர்' எல்லாம் குண்டு மூக்கும் நட்சத்திரமுமாக நிற்கின்றன. குளிர்ந்து கிடக்கும் பாய்லரை அவசரப்பட்டுச் சூடாக்கக் கூடாதாம். தகடுகள் ஏறுமாறாக விரிந்து, குழாய்கள் ஒழுக ஆரம்பித்துவிடும். பல மணி நேரம் மெள்ள மெள்ளத்தான் நெருப்பை வளர்க்க வேண்டும். என் கதாநாயகன் கட்டாயம் அகப்பட்டிருப்பான்!

இங்கே இடம் பெற்ற 'ஃபேரி குவீன்' லீட்ஸ் நகரில் 1855-ல் உருவானது. 1909-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அப்புறம் 88 வருஷம் கழித்து, 1997-ல், அதற்கு உயிர் கொடுத்து ஓடவைத்தவர்கள் நம் பெரம்பூர் பட்டறைக்காரர்கள். டில்லியிலிருந்து ஆல்வாருக்குப் பயணிகளை இழுத்துச் சென்றது அது. சென்னையில் இத்தனை காலம் இருந்தும் இந்தச் சேதி எனக்குத் தெரியாது. சினிமாக்காரர்கள் யார் யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஒரு கிழவர் அடுப்புப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அதைத் தாங்கும் இரும்பு முளைகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக் கொண்டிருந்தார். உடைந்த முளையின் ஓசை வேறாம். அவர் ஹிந்தியில் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. சுத்தியலை என்னிடம் கொடுத்து, இரண்டு முளைகளைக் காட்டினார். தட்டினேன். இரண்டும் ஒரே ஓசை. கிழவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற பையனிடம் சுத்தியல் போயிற்று. அவன் தட்டிவிட்டுச் சற்று யோசித்து, ஒன்றைத் தொட்டுக் காட்டினான். கிழவர் பேசாமல் சாக்குக்கட்டியால் அதில் ஒரு கோடு போட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். சாம்பல் குழியைச் சுத்தமா வெச்சிருக்கானா?" என்றார்.

அதை நான் பார்க்கவில்லை.