மணப்பாறை மாடும், சித்தப்பாவோட உளுந்தும்

மணப்பாறைன்னதும் பாதிப் பேருக்கு முறுக்கு ஞாபகம் வரும் (2023ல புவிசார் குறியீடே வாங்கிடுச்சு). மீதிப் பேருக்கு மாடு, கூடவே அந்தப் பாட்டு. 1957ல வந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்துக்கு மருதகாசி எழுதினது. நான் சொல்லப் போறது ரெண்டையும் பத்தி இல்லை மக்களே. பங்குனியில ஊருக்குப் போனப்போ சித்தப்பா காட்டுல பார்த்த உளுந்தைப் பத்தி.

முளைப்பு நல்லாத்தான் இருந்திருக்கு. ரெண்டு மூணு இலை விட்டதும், அடி இலையோட ஓரம் மஞ்சளாகி, அப்படியே கருகிக்கிட்டு வந்துருக்கு. "தண்ணி பத்தலைடா"ன்னார். தண்ணி பாய்ச்சியும் நிக்கலை. நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. "இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?"ன்னு கேட்டேன். மக்காச்சோளம். புரட்டாசியில விதைச்சு மூணாம் நாள் களை மருந்து அடிச்சிருக்கார். அட்ரசின்.

இந்த மருந்தோட பூர்வீகம் சுவிட்சர்லாந்து, பாசல் நகரத்து கெய்கி கம்பெனி. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும்னு 1939ல பவுல் முல்லர் கண்டுபிடிச்சதும் அதே கம்பெனியிலதான், அதுக்கு 1948ல நோபல் பரிசு. அட்ரசின் 1958ல அமெரிக்காவுல பதிவாச்சு. அதாவது நம்ம மாட்டுப் பாட்டு வந்த மறு வருஷம். அப்போ யாரும் ரெண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

மருந்தை மண்ணு மேல அடிக்கணும். ஈரத்தோட வேர் வழியா ஏறி, இலையில வெயிலை வச்சு சாப்பாடு தயாரிக்கிற இடத்துல போய் அடைச்சுக்கும். செடி வெளிச்சத்துல நின்னுக்கிட்டே கருகிடும். ஆனா மக்காச்சோளமும் சோளமும் உள்ள வந்த மருந்தைச் சட்டுனு செயலிழக்க வச்சிடும். பயறு வகைக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது. கதை மொத்தமும் இந்த ஒரு வித்தியாசத்துலதான் இருக்கு.

ஏன்னா எங்க பக்கம் சோளக்காடுன்னா அதுல சோளம் மட்டும் இருக்காது. செம்மண் காடு, மானாவாரி. சோளத்தோட தட்டைப்பயறு, மொச்சை, துவரை எல்லாம் சேர்த்து விதைப்பாங்க. மழை ஏமாத்தினா ஏதாவது ஒண்ணு கைகொடுக்கும். பயிர் முழங்கால் உயரம் வந்ததும் காட்டுக்குள்ளயே லேசா ஏர் ஓட்டுவாங்க, ஊடு உழவு. நெருக்கமும் கலையும், களையும் புரளும். அதுக்குத்தான் சொன்ன பேச்சுக் கேட்டு நடக்கிற மாடு வேணும். மிச்சக் களையை அப்பத்தாவும் மத்த பொம்பளைங்களும் களைக்கொத்தோட உக்காந்து எடுப்பாங்க. சாயங்காலம் மடியில தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணை. புத்தகத்துல களைன்னு இருக்கிற மூணும் எங்க வீட்டுல கடைசல்!

பழசு எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரலை. அப்பத்தாவுக்கு அறுபது வயசுல முதுகு நிமிராமப் போனது அந்த களைக்கொத்தாலதான். களையெடுக்க ஆள் கிடைக்கலைங்கிறதும் நிஜம். 2008ல நூறு நாள் வேலை எல்லா மாவட்டத்துக்கும் வந்தப்போ பழியை அது மேல போட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே பசங்க திருப்பூர் பஸ் ஏறியாச்சு, மாடும் சந்தைக்குப் போயாச்சு. நாமக்கல் கோழிக்குத் தீவனம்னு மக்காச்சோளம் வந்துச்சு. மாடு இல்லாத காட்டுக்கு மருந்துதான் கதி.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் சிபாரிசுலயே தெளிவாச் சொல்லுது: ஊடுபயிரா பயறு போட்டா அட்ரசின் அடிக்கக் கூடாது, பெண்டிமெத்தலின் அடிக்கணும். கடையில அதை யார் சொல்றா? கேட்டது களை மருந்து, கொடுத்தது களை மருந்து. அப்படியே தட்டைப்பயறும் மொச்சையும் காட்டை விட்டுப் போயிடுச்சு. யாரும் முடிவு பண்ணி விட்டதில்லை.

சித்தப்பா விஷயம் இன்னும் ஒரு படி மேல. சிபாரிசுக் கணக்குப்படி ஏக்கருக்கு 200 கிராம் தூள் போதும். இவர் களை ஜாஸ்தின்னு அரைக் கிலோ பாக்கெட் ரெண்டு! மண்ணுல இது பாதியாக் குறைய சராசரியா 60 நாள்னு கணக்கு. அது ஈரமும், நுண்ணுயிரும், மக்கும் இருக்கிற மண்ணுக்கு. ஐப்பசியில ஒரே ஒரு மழை, அப்புறம் வறட்சி. காய்ஞ்ச மண்ணுல சிதைக்கிற வேலை நடக்காது, மருந்து அப்படியே உக்காந்திருக்கும். மாசியில உளுந்து போட்டுத் தண்ணி விட்டதும் அதுவும் முழிச்சுக்கிச்சு.

நல்ல மழை பெய்ஞ்சா மட்டும் நிம்மதியா? மக்கு கம்மியான மணல் கலந்த மண்ணு மருந்தைப் பிடிச்சு வைக்காது, தண்ணியோட கீழ இறங்கும். இதனாலதான் ஐரோப்பிய ஒன்றியம் 2004ல இதுக்கு அனுமதி இல்லைன்னுச்சு. குடிநீர்ல அங்க வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். அமெரிக்காவுல 3. கடல் தாண்டினா 30 மடங்கு! இந்தியாவுல 2020 மே மாசம் 27 மருந்துகளைத் தடை பண்ண வரைவு போட்டாங்க, அட்ரசினும் பட்டியல்ல இருந்துச்சு. 2023ல இறுதி ஆணை வந்தப்போ முழுசாத் தடையானது மூணுதான்: டைகோபால், டினோகேப், மெத்தோமில். சித்தப்பாவோட போர்வெல் அந்தக் காட்டு வரப்புலதான் இருக்குங்கிறதையும் சொல்லிடறேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு சட்டி எடுத்தோம். ஒண்ணுல அந்தக் காட்டு மண்ணு, இன்னொண்ணுல மருந்தே படாத கோயில் பொட்டல் மண்ணு. ரெண்டுலயும் பத்துப் பத்து உளுந்து. "இதுக்கா நீ காலேஜ் படிச்ச?"ன்னு சித்தி சிரிச்சாங்க.

மூணு வாரம் கழிச்சு சித்தப்பா போன் பண்ணினார். பொட்டல் சட்டியில எல்லாம் பச்சை. காட்டுச் சட்டியில ஏழு செடியில ஓரம் மஞ்சள். ஆடிக்கு முன்னாடி இன்னொரு தடவை சட்டி வைக்கப் போறாராம். "அது வரைக்கும் ஆட்டுக்கு எருப்பட்டி போடச் சொல்லியிருக்கேன்டா, மண்ணுல கொஞ்சம் உசுரு வரட்டும்"னார்.