கிழமைப் பெயர் வரலாறு

நம் சங்கத்து அன்பர் இல்லங்களில் ஒரு நற்செயலைத் தொடங்கப் புகுங்கால், "இன்று என்ன கிழமை?" என்னும் வினாவே முதற்கண் எழுகின்றது. நாள்தோறும் நம் நாவில் வழங்கும் இப்பெயர்கள் யாங்ஙனம் தோன்றின, இவற்றின் பொருள் யாது என்று ஆராய்வார் சிலரே. ஆகலின், அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தாம்.

கிழமை என்னும் சொற்கு உரிமை என்பது பொருள். நிலத்திற்கு உரியவன் கிழவன். மனைக்கு உரியவள் கிழத்தி. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இலக்கண நூலார் பகுத்ததும் இப்பொருள்பற்றியே. எனவே, ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கு உரிமையான நாள் என்றவாறு. ஏனையவற்றிற்கும் இஃது ஒக்கும்.

ஏழு பெயருள் ஞாயிறும் திங்களும் பழந்தமிழ்ச் சொற்கள். செவ்வாய் செந்நிறத்தாலும், வெள்ளி வெண்ணிறத்தாலும் பெயர் பெற்றன. வியாழன் பொன் எனவும்படும். புதன், சனி என்பன வடசொற்கள். சனி என்பது மெல்லச் செல்வோன் என்னும் பொருளது. அக்கோளைப் புறநானூறு மைம்மீன் என்னும். நிகண்டுகள் காரி என்னும்.

இனி, ஞாயிற்றின்பின் திங்களும், அதன்பின் செவ்வாயும் வருதற்குக் காரணம் யாது? முன்னையோர், கோள்கள் தம் வட்டத்தைச் சுற்றிவரும் காலத்தின் நெடுமை நோக்கிச் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என வரிசைப்படுத்தினர். சனி ஒருமுறை சுற்றிவர 29 ஆண்டுகட்கு மேலாகும். திங்கட்கு 28 நாளும் வேண்டா. ஒரு நாளை 24 ஓரைகளாகப் பகுத்து, ஓரைக்கு ஒரு கோளாக இவ்வரிசையிலே தலைமை தந்தனர். முதல் ஓரைக்கு உரிய கோளே அந்நாளுக்குத் தலைவன். சனிக்கிழமையின் 1, 8, 15, 22 ஆம் ஓரைகள் சனிக்கு உரியன. 23 ஆவது வியாழனுக்கும், 24 ஆவது செவ்வாய்க்கும் ஆம். ஆகவே, மறுநாளின் முதல் ஓரை ஞாயிற்றினதாயிற்று. இங்ஙனமே எண்ணிச் செல்லின், அடுத்த நாள் திங்களுக்கும், அதனையடுத்தது செவ்வாய்க்கும் உரியவாதல் காண்க.

இம்முறை நம் நாட்டில் மட்டும் வழங்குவதன்று. ஏழு நாட்களை ஒரு கூறாகக் கொண்டு ஏழாம் நாள் ஓய்ந்திருத்தல் யூதர்தம் பழைய வழக்கம். நாட்களுக்குக் கோள்களின் பெயரிடும் முறை யவன, உரோமக் கணியரிடை வளர்ந்தது. ஓரை என்பதே யவனச் சொல்லின் திரிபு என்பர் அறிஞர். ஆங்கிலரும் ஞாயிறு, திங்கள், சனி என்னும் மூன்றினையும் அவற்றின் பெயராலேயே வழங்கி, ஏனை நான்கிற்கும் தம் பண்டைத் தெய்வங்களின் பெயரிட்டனர்.

வேதாங்க சோதிடத்தில் திதியும் நாண்மீனும் உள, கிழமை இல்லை. வடநாட்டில் எரண் என்னும் ஊரில் உள்ள புதகுப்தன் காலத்துத் தூண் கல்வெட்டு, கி.பி. 484 இல், வியாழக்கிழமையைக் குறிக்கின்றது. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதை, மதுரை எரியுண்ணும் நாளை ஆடித் திங்கள் தேய்பிறை அட்டமியொடு கூடிய வெள்ளி வாரம் என்கின்றது. பிற்காலத்துச் சோழர் கல்வெட்டுக்களிலே கிழமையும் நாண்மீனும் சேர வருவதால், அரசர் ஆட்சியாண்டுகளை அறிஞர் கணித்தறிய இயல்கின்றது. இதுவே கிழமைக் குறிப்பால் நாம் பெற்ற பெரும்பயன்.

அகநானூற்று 136 ஆம் பாட்டிலே ஒரு திருமணம் கூறப்படுகின்றது. திங்கள் உரோகிணியைக் கூடிய நன்னாளிலே அது நிகழ்ந்தது. அங்கே கிழமை பேசப்படவில்லை. ஆகவே, கிழமை பார்த்தலின்றி மணவினை நிகழ்த்திய முன்னோரும் நமக்கு உளர் என்பது பெறப்படும்.

இதனை வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. யாம் அறிந்த ஒரு குடும்பத்தார் தம் பெண்மகவைப் பள்ளியிற் சேர்க்க எண்ணினர். ஒருகால் செவ்வாய் என்றும், மறுகால் சனி என்றும் தடைசொல்லி நாள் கடத்தினர். சேர்க்கும் காலம் முடிந்தது. அக்குழந்தைக்கு ஓராண்டு வீணாயிற்று. கோள் செய்த தீங்கு அன்று அது. பெற்றோர் அச்சம் செய்த தீங்கு.

பெரியோர் வழக்கத்தை இகழ்தல் எம் கருத்தன்று. மணவினைக்கு நாள் பார்ப்போர் பார்க்க. ஆயின், நோயுற்றாரை மருத்துவரிடம் கொண்டுசெல்லுதற்கும், குழந்தையைக் கல்விக்கு விடுதற்கும் கிழமை பார்த்து நிற்றல் தகாது. திருஞானசம்பந்தர், கோளறு பதிகத்தில் ஏழு கோள்களையும் கிழமை முறையிலே நிறுத்தி, அவை யாவும் அடியார்க்கு நல்லனவே என்றருளினார். அவ்வாக்கை நாள்தோறும் ஓதும் நம்மவர் செவ்வாய்க்கும் சனிக்கும் அஞ்சுதல் என்னை?

கிழமை என்பது உரிமை. ஏழு நாளும் முயல்வார்க்கு உரியன என்பதனை நம் குலத்து இளைஞரும் தாய்மாரும் உளங்கொள்வாராக.