வெறுங்காலும் இறப்பர் செருப்பும்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் நாங்கள் 'சப்பாத்து' என்றுதான் சொல்வோம். அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். சொல் இலங்கைக்கு வந்து பல நூறு வருஷமாச்சு. ஆனா சப்பாத்து எங்க லயத்துக்கு வந்தது நேத்துத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர், காட்டுவழியே மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். மலையில் வேலை செய்ததும் வெறுங்காலோடுதான். கொக்கிப்புழுவுக்கு அதுதான் வாசல். மண்ணிலிருக்கும் புழு பாதத்தைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனம் இங்குள்ள தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், கக்கூஸ் கட்டச் சொன்னார்கள். ஆனால் செருப்பு வாங்குற அளவுக்குச் சம்பளம் கூடல.

இத்தனைக்கும் இறப்பர் நம்ம பக்கமே இருந்தது. ஊவாவில் மொனராகலைப் பக்கம் பால் வெட்டியதும் தோட்டத் தொழிலாளர்கள்தான். ஆனால் இலங்கை இறப்பரில் பெரும்பகுதி கப்பலேறியது. 1952 இல் சீனாவோடு செய்த ஒப்பந்தத்தில் இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம்.

உள்ளூர்ச் செருப்புத் தொழில் பிறகுதான் வளர்ந்தது. 1962 இல் டீ.எஸ்.ஐ. தொடங்கியது. 1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர் உற்பத்திக்குச் சந்தையைத் தந்தது. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி வந்தது. பெரிய கம்பனிகள் இறப்பர் செருப்பையும் ஸ்கூல் சப்பாத்தையும் வைத்துத் தாக்குப்பிடித்தன. கையால் தைக்கும் சின்னப் பட்டறைக்கு அந்த வசதி இல்லை.

இறப்பர் இங்கே கிடைத்தாலும் செயற்கைத் தோல், பசை, இரசாயனம், மெஷின் என்று பலதுக்கும் டொலர் வேணும். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. சப்பாத்து விலையும் கூடியது. 2021 இல் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளமோ 2022 இலும் அதே 1000 ரூபாதான்.

அதனாலதான் தம்பிமாருக்குச் சப்பாத்து வாங்கினா ஒரு நம்பர் பெருசா வாங்குறோம். முன்னால பேப்பர் அடைச்சுப் போட்டா ரெண்டு வருஷம் ஓடும். வருஷத்துக்கு ஒண்ணு விக்க வேண்டிய கம்பனிக்கு அங்கே ஒரு சோடி குறையுது. உள்ளூர்த் தொழிலைக் காப்பாத்தணும்னு பேசுறவங்க வரியைப் பத்தியும் டொலரைப் பத்தியும் பேசுறாங்க. வாங்குறவங்க சம்பளத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கணும்.